கரடிமேல் போட்ட பழி

பனியாறுகளை ஆராய்கிறவர்கள் தங்கள் கூட்டத்தை ஏன் இத்தாலியின் தெற்கே பலேர்மோவில் வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த ஊரில் ஐஸ் இரண்டு இடத்தில்தான் இருக்கிறது. ஒன்று எலுமிச்சைச் சாற்றோடு கண்ணாடிக் கிண்ணத்தில், மற்றது மீனுக்கு அடியில். நோர்வேயின் வடகோடியிலிருந்து முழங்கால்வரை நீண்ட கறுப்புக் கம்பளிக் கோட்டோடு நான் போய் இறங்கினேன். ஏப்ரல் மாதம். மற்றவர்கள் எல்லோரும் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்கள். விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி என் கோட்டையும் பார்த்துவிட்டு, மரண வீட்டுக்கு வந்தீர்களா என்று பரிவோடு கேட்டார். இல்லை, உருகும் பனியைப் பற்றிப் பேச வந்தேன் என்றேன். அவருடைய பரிவு இன்னும் கூடியது.

பெட்டி வரவில்லை. எல்லோருடைய பெட்டியும் வந்து போன பிறகும் பெட்டிகளைக் கொண்டுவரும் பட்டி வெறுமையாகச் சுற்றிக்கொண்டிருந்தது, நானும் மரியாதைக்காக அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விளக்கில் வைத்துச் சுவரில் காட்டுவதற்கு நான் வரைந்த படத்தாள்கள் அத்தனையும் பெட்டிக்குள். தோள்பையில் இருந்தது அளவுக் குறிப்புப் புத்தகமும் பற்தூரிகையும் மட்டும்தான்.

உண்மையில் அந்தக் கூட்டத்துக்கு வர வேண்டியவர் என் பேராசிரியை இங்ரிட். பிறந்ததிலிருந்து பனியில் சறுக்குகிறவர், புறப்படுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் வீட்டு வாசற்படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். அதனால் உதவியாளனான நான் வந்தேன். அதற்கு முன் நான் ஒரு மீன் தொழிற்சாலையில் கொட் மீனுக்கு முள் எடுத்தவன். யாழ்ப்பாணத்தில் பாதியில் விட்ட விஞ்ஞானப் பட்டத்தை நம்பி இங்ரிட் எனக்கு ஒரு தற்காலிக வேலை தந்திருந்தார். இந்தப் பேச்சு நன்றாக அமைந்தால் அது மூன்று வருட வேலையாகும், அமையாவிட்டால் மறுபடி முள். என் மனைவி மூன்று வருடத்தை நம்பி, புதுச் சோபாவுக்குச் சுவரோரம் இடம்கூட அளந்து வைத்திருந்தாள்.

பேச்சு இரண்டு பனியாறுகளைப் பற்றியது. ஸ்வால்பார்ட் தீவுகளில், துருவத்துக்குக் கிட்ட, பக்கத்துப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் அவை இருக்கின்றன. அவற்றுக்கு நான் தமிழ்ப் பெயர் வைத்திருந்தேன். ஒடுக்கமாக மலை உச்சிவரை ஏறுகிறது 'ஏணி'. அகலமாக, தட்டையாக விரிந்து கிடக்கிறது 'பாய்'. இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே மழை. ஆனால் ஏணியின் நுனி ஒவ்வொரு வருடமும் பின்வாங்கிக்கொண்டே போனது. பாயின் நுனியோ கற்குவியலுக்குள் தலையை வைத்துப் படுத்தபடி, பாறையில் நாங்கள் பூசிய சிவப்புக் குறியை விட்டு அசையவில்லை. தட்டையான பனியாறு வெப்பத்தைத் தாங்கும் என்று நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்றுதான் அப்போது சொல்லித் திரிந்தேன். இங்ரிட் தயங்கினார். அளந்தது நீ, நீயே போய்ச் சொல் என்று கடைசியில் விட்டுவிட்டார்.

தங்கியது கால்சா என்ற பழைய பகுதியில், அன்ரன் வீட்டில். அன்ரன் மன்னார், பேசாலைக்காரன். யாழ்ப்பாணத்தில் என்னோடு ஒரே விடுதியில் இருந்து படித்தவன். பலேர்மோவில் அவன் துறைமுகத்துப் பக்கத்து ஐஸ் தொழிற்சாலையிலிருந்து சந்தைக்குத் தள்ளுவண்டியில் ஐஸ் கொண்டுபோகிறான். மனைவி றீற்றா வசதியான ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் வேலை செய்கிறாள். அவர்கள் வீடு ஒரு காலத்தில் யாரோ பிரபுவின் மாளிகை. கூரையில் தேவதூதர்களை, சம்மனசுகளை, வரைந்திருந்தார்கள். சாந்து உதிர்ந்து பாதிச் சம்மனசுகளுக்குச் சிறகு மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்குக் கீழே பிட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டோம்.

பெட்டி தொலைந்த கதையைக் கேட்டதும் றீற்றா எழுந்துபோய் அந்தோனியார் படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். தொலைந்ததை மீட்டுத் தருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, க்வெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் காணாமல் போன தன் பெர்மெஸ்ஸோவையே, நாட்டில் இருக்கிற அனுமதியையே, எடுத்துத் தந்தவர் என்றாள். நான் சைவ சமயத்தவன். என்றாலும் அந்த நேரம் அந்தோனியாரை முழுமனதோடு கும்பிட்டேன்.

கரடி கண்டாயா என்று அன்ரன் கேட்டான். கண்டேன் என்றேன். அது பொய். தொலைநோக்கியில் ஒரு மணித்தியாலம் நான் மூச்சடக்கிப் பார்த்த கரடி கடைசியில் மங்கல் வெள்ளை பூசிய எண்ணெய்ப் பீப்பாயாகப் போனது. ஆனால் பசித்தவனுக்குப் பிட்டு வைக்கிற வீட்டில் பீப்பாய்க் கதையா சொல்வது? அதனால் கம்புகளின் கதையைச் சொன்னேன். பனி எவ்வளவு உருகுகிறது என்று அறிய வசந்த காலத்தில் அதில் துளை போட்டு அலுமினியக் கம்பை இறக்குவோம். கோடை முடிய வந்து, எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளப்போம். பாயில் மட்டும் இரண்டு கோடையில் ஏழு கம்பு கீழே விழுந்து கிடந்தது.

“ஏழையும் கரடி சரிச்சுப்போட்டுது மச்சான்” என்றேன். றீற்றா வாயில் கை வைத்தாள். அன்றைக்கு எனக்கு இரண்டாம் முறையும் மீன் கிடைத்தது.

மறுநாள் கூட்டத்தில் பெயர் பதியப் புறப்பட்டேன். பஸ் இலக்கம் சரி, திசைதான் பிழை. அரை மணித்தியாலம் கழித்து அது என்னைச் சியாகுல்லியில், மண்டரின் தோடம்பழத் தோட்டங்களுக்கு நடுவில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கியது. பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் என் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு மடி நிறையப் பழம் தந்தார். பருவம் முடிகிற நேரத்துப் பழம், தோல் தளர்ந்து, தேனாக இருந்தது. திரும்பும் பஸ்ஸில் டிக்கெட் வாங்க மறந்து அதற்கும் வசைகேட்டேன். மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மேசையை மடித்துவிட்டார்கள். பதிவுக்காரப் பெண்ணுக்கு நாலு மண்டரின் கொடுத்து என் பெயர் அட்டையை வாங்கினேன். அதிலும் என் பெயரின் பாதிதான் இருந்தது. மீதியைக் கேட்க என்னிடம் பழம் இல்லை.

மூன்றாம் நாள் விடிய சிரோக்கோ அடித்தது. ஆபிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வருகிற சூடான காற்று, வாயெல்லாம் மண். பெட்டியும் இல்லை, மறுநாள் என் முறை வரும்வரை வேலையும் இல்லை என்று நான் அன்ரனோடு சந்தைக்குப் போனேன். வழியில் அவன் கடலைமாவில் பொரித்த பனெல்லே வைத்த பாண் வாங்கித் தந்தான், நம்மூர்க் கடலை வடையின் ஒன்றுவிட்ட சகோதரம்போல இருந்தது. இன்னொரு பாணும் தந்தான். சாப்பிட்டு முடித்த பிறகுதான் அது மாட்டு மண்ணீரல் என்றான். வீட்டில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அன்ரன் ஐஸ் கொடுக்கிற கடை டொன் நினோ என்பவருடையது. மீன் மேசை வாங்குகிறவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது. முன்விளிம்பில் ஒரு பலகை, அதை ஒட்டி ஐஸை வரம்புபோல உயர்த்தி ஈரச் சாக்கால் மூடியிருந்தார்கள். பின்னால் மேசை முழுக்க ஐஸைப் பரப்பி அதன்மேல் மீன். ஒவ்வொரு மீன் கூட்டத்துக்கும் பக்கத்தில் விலை எழுதிய அட்டை, ஒரு குச்சியில் கட்டி ஐஸில் குத்தியிருந்தது.

நான் யார் என்று அன்ரன் சொன்னதும் டொன் நினோ தொப்பியைக் கழற்றினார். ஐஸ் படித்த பேராசிரியரா என்று கேட்டுவிட்டு, அப்படியென்றால் ஒரு கோப்பி குடித்து வருகிறேன், கடையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஐஸ் குறைந்தால் கூடையிலிருந்து அள்ளிப் போடுங்கள் என்றார், அன்ரன் மொழிபெயர்த்தான். அன்ரன் அடுத்த வண்டி ஐஸுக்குத் துறைமுகம் போனான். அந்த ஊரில் கோப்பிக் கோப்பை எவ்வளவு சின்னதோ, அதைக் குடிக்க அவ்வளவு நேரம் எடுக்கும்.

நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். முன்விளிம்பில் கண் வைத்திருந்தேன். விளிம்பு ஒரு விரல்கூட இறங்கவில்லை. சிறிது நேரத்தில் சாளை மீனின் விலைக் குச்சி சரிந்தது. மேசைக்கு அடியில் ஒரு மஞ்சள் பூனை நின்றது. சூ என்று துரத்திவிட்டுக் குச்சியை மறுபடி குத்தினேன். அது மறுபடி சரிந்தது. பூனைக்கு ஒரு மீன் தலையை இலஞ்சமாகக் கொடுத்துத் தூரத்தில் இருத்தினேன். பிறகு வாள்மீனின் குச்சியும் விழுந்தது. பூனையின் தந்திரத்தை வியந்தபடி அதையும் குத்தினேன். விளிம்பு அப்படியே இருந்தது.

டொன் நினோ திரும்பி வந்து மேசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது 'பேராசிரியர்' என்ற ஒரு சொல்தான், அதை அவர் சொன்ன விதம் நன்றாக விளங்கியது. மீனெல்லாம் வெறும் பலகையில், தண்ணீருக்குள் கிடந்தது. வண்டியோடு வந்த அன்ரன் மேசை நடுவில் கையை விட்டான். விரல் பலகையில் தட்டியது.

“விளிம்பைப் பாத்துக்கொண்டே நிண்டனி?”

விளிம்பு அப்படியேதானே இருக்கிறது என்றேன்.

“விளிம்பு அப்பிடித்தான் கிடக்கும். அதைச் சாக்கு காக்குது. பரப்பிப் போட்ட ஐஸ் விளிம்பாலை போகாது மச்சான், முழுக்கக் கீழை இறங்கும். நடுவுக்கை கையை விட்டெல்லோ பாக்கோணும். தடி விழேக்கையும் யோசிக்கேல்லையே?”

“பூனை தட்டினதெண்டு நினைச்சன்.”

“பூனைக்கென்ன விசரே, மீனை விட்டிட்டுத் தடியைத் தட்ட?”

சந்தையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பூனைக்குக் குச்சியில் ஆசை இல்லையென்றால், கரடிக்கு மட்டும் அலுமினியத்தில் என்ன ஆசை?

ஒரு கோயில் படியில் உட்கார்ந்து குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். 'காரணம்' என்ற நிரலில் என் கையெழுத்தில் ஏழு தடவை 'கரடி' என்று நோர்வேஜிய மொழியில் இருந்தது. ஒரு தடத்தையாவது பார்த்தேனா? இல்லை. கம்பு விழுந்திருந்தால் கரடி பக்கத்தில் நிற்கும் என்று நினைத்து, எழுதிவிட்டு ஓட்டமும் நடையுமாக இறங்கியவன் நான். ஏணியின் இரண்டு பக்கமும் பாறை. அங்கே பயமில்லாமல் நின்று ஆழமாகத் துளை போட்டேன். பாய் நாலு பக்கமும் திறந்த வெளி. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கப் பயந்து, நெஞ்சளவுக்குத் துளைத்துவிட்டு ஓடினேன். ஏன் பாயில் மட்டும் கம்பு விழுகிறது என்று இங்ரிட் ஒருமுறை கேட்டதற்கு, கரடி சமதரையில்தான் நடக்கும், செங்குத்தில் ஏற அதற்கென்ன பைத்தியமா என்று விளக்கமும் கொடுத்திருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கரடியைச் சொன்னேன்.

நெஞ்சளவு பனி உருகிப் போனதால் பிடிமானம் இல்லாமல் கம்பு விழுந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

மீதியும் அந்தப் படியிலேயே விளங்கிவிட்டது. எந்தப் பனியாற்றிலும் ஒரு உயரக்கோடு இருக்கிறது. அதற்கு மேலே விழுகிற பனி தங்கும், கீழே உருகும். உலகம் சூடாக ஆக அந்தக் கோடு மேலே ஏறும். வெள்ளம் வருகிற ஊரில் மாடிவீடும் தரைவீடும் மாதிரி. ஏணி மாடிவீடு. கீழ்த்தளம் போனால் நுனி பின்வாங்கும், பார்க்கிறவர்கள் ஐயோ என்பார்கள், ஆனால் மேல்மாடியில் இன்னும் பனி சேரும். பாய் தரைவீடு. வெள்ளம் வாசற்படி தாண்டினால் வீடு முழுக்க வெள்ளம். அதன் நுனி அசையாமல் இருந்தது கற்குவியல் சாக்குப்போல மூடியிருந்ததால். பாய் எங்கேயும் பின்வாங்கவில்லை. படுத்த இடத்திலேயே மெலிந்துகொண்டிருந்தது. அதைத்தான் நான் நல்ல சுகம் என்று உலகத்துக்குச் சொல்ல வந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, சோபாவை நினைத்து.

அன்று மாலை டொன் நினோ சாளை மீனை வீட்டுக்கே அனுப்பிவிட்டார், பேராசிரியர் கொன்றது பேராசிரியருக்கே என்று சொல்லி. சாப்பிடும்போது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், பீப்பாயையும் சேர்த்து. அன்ரன் யோசித்துவிட்டு, ஆருக்குத் தெரியப்போகுது, கரடியைக் கூட்டிவந்தே விசாரிக்கப்போறாங்கள் என்றான். எனக்கும் அந்த நினைப்பு வந்திருந்தது. அதைவிட நல்ல வழி ஒன்றும் தெரிந்தது. பெட்டி வராவிட்டால் படங்கள் இல்லை, படங்கள் இல்லாவிட்டால் பேச்சு இல்லை. பிழையும் வெளியே வராது, பொய்யும் சொல்ல வேண்டாம். றீற்றாவிடம் மெல்லக் கேட்டேன், அந்தோனியாரிடம் அந்த விண்ணப்பத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா என்று.

“கொளுத்தின திரியைத் திருப்பிக் கேக்கேலாது அண்ணை” என்றாள். “அவர் ஏற்கனவே தேட வெளிக்கிட்டிருப்பார்.”

வெளிக்கிட்டுத்தான் இருந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒருவன் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடி ஏறி வந்தான். றீற்றா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். படத்தாள்கள் ஒன்றுகூடக் கசங்கவில்லை. என் வாழ்க்கையில் என் சாமான் அத்தனை பத்திரமாக வந்து சேர்ந்தது அந்த ஒருமுறைதான்.

மண்டபத்தில் சன்னலெல்லாம் திறந்திருந்தும் வேர்த்தது. என் முறை வந்தது. முதல் படத்தை விளக்கில் வைத்தேன். சுவரில் இரண்டு கோடுகள் தெரிந்தன. ஏணியின் நுனிக்கு ஒரு சிவப்புக் கோடு, சரிந்து போனது. பாயின் நுனிக்கு ஒரு பச்சைக் கோடு, பாய்போலவே நீட்டி நிமிர்ந்து கிடந்தது. நல்ல பச்சை. அதற்கென்று கடை ஏறி மை வாங்கினவன் நான். வாயைத் திறந்தால் மனப்பாடம் செய்த முதல் வசனம் தானாக வந்துவிடும். திறக்காமல் நின்றேன். தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“இந்தக் கோடு சரி” என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். “நான் சொல்ல வந்தது பிழை. கம்புகளைக் கரடி விழுத்தியது என்று எழுதினேன். கரடி வரவில்லை.”

பிறகு மேசையையும் குச்சியையும் பூனையையும் சொன்னேன். மண்டபம் சிரித்தது, நன்றாகவே சிரித்தது. முன்வரிசையில் ஒரு வயதான மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. துளை எவ்வளவு ஆழம் என்று கேட்டார். என் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினேன். ஒவ்வொரு கோடையிலும் குறைந்தபட்சம் அவ்வளவு உருகியதா என்றார். கம்பு நின்ற இடமெல்லாம் அவ்வளவு என்றேன். ஏழில் மிக மேலே இருந்த கம்பு பனியாற்றின் உச்சியிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

“அதுதான் உச்சி” என்றேன்.

அவர் பேனாவை மூடினார். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

மாலை துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைத் தொலைபேசியிலிருந்து இங்ரிட்டைக் கூப்பிட்டேன். நாப்போலி போகிற கப்பல் ஊதிக்கொண்டிருந்ததால் என் அவமானத்தை இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ஏழுமா என்று கேட்டார். ஏழும் என்றேன். அந்தப் பக்கங்களில் தானும் கையெழுத்து வைத்ததாகச் சொன்னார். வேலையைப் பற்றிக் கேட்டேன். மூன்று வருடம் இனி கேட்க முடியாது என்றார். “ஒரு கோடைக்குக் கேட்டுப் பார்க்கிறேன். நீளமான கம்பு கொண்டுபோக ஒரு ஆள் வேண்டும்.” அந்த 'ஒரு ஆள்' நானாக இருக்கலாம் என்று நம்பிக்கொண்டு தொலைபேசியை வைத்தேன்.

புறப்படும்போது அன்ரன் பஸ்வரை வந்தான். கோட்டை அவனிடமே கொடுத்துவிட்டேன். ஐஸ் தொழிற்சாலைக்குள் போட உதவும்.

“வேலை போனா இஞ்சை வா மச்சான்” என்றான். “டொன் நினோ கடையிலை ஏதும் பாப்பம். ஐஸ் பக்கம் மட்டும் விடமாட்டார்.”

அந்த ஒரு கோடை கிடைத்தது. சோபாவின் இடத்தில் என் மனைவி ஒரு பூச்சாடியை வைத்தாள். நான் பாயில் ஏறி, பயத்தைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு, என் உயரத்தைப்போல இரண்டு மடங்கு ஆழத்துக்குத் துளை போட்டு ஏழு கம்பையும் இறக்கினேன். இவ்வளவு ஆழத்துக்கு உருகினால் நான் மறுபடி முள் எடுக்கப் போகிறேன் என்று இங்ரிட்டிடம் பகிடியும் விட்டேன். கோடை முடிய மறுபடி போனோம். நுனி அந்தச் சிவப்புக் குறியிலேயே, கற்களுக்குள் தலையை வைத்து, ஒன்றும் நடக்காததுபோலப் படுத்திருந்தது. மேலே ஆறு கம்புகள் நின்றன, அடி நுனி மட்டும் பனிக்குள் பிடித்திருக்க. ஏழாவது, அந்த உச்சிக் கம்பு, கீழே கிடந்தது.

கரடிக்கென்று சுமந்துவந்த துப்பாக்கியை இங்ரிட்டிடம் கொடுத்துவிட்டு முழங்காலிட்டு, சுற்றிவரத் தடம் தேடினேன். ஒரு நகக்கீறல், ஒரு மயிர், ஏதாவது இருக்காதா என்று தேடினேன். கரடிக்கு அவ்வளவு பயந்தவன், அன்றைக்கு அது வந்திருக்க வேண்டும் என்று மன்றாடினேன். வரவில்லை.